பதினாலாம் கட்டில்

பை ஆறு தைக்க வேண்டும்.
துணி ஐந்துக்குத்தான் காணும்.

லிந்துலையில் இன்றைக்கும் மழை விடவில்லை.
இஸ்தோப்பில் சாரல்.
காம்பராவுக்குள் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில்
முழங்கால் சுவரில் இடிக்க இடிக்க மிதிக்கிறேன்.
மெஷினுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.
அதுவரை சக்கரத்தில் பாதி
தலவாக்கலைக் கடைக்காரருடையது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில்
மகனோடு பத்தொன்பது நாள்.
அவனுக்கு அங்கே மூச்சுகூடக் குழாய் வழியாகத்தான் வந்தது.
நான் கொண்டுபோனது ஒரு சொப்பிங் பை,
அதுவும் காது அறுந்தது.

சோமலதாவின் பைக்கு வாய் அகலம்.
அவளுடைய சுடுதண்ணீர்ப் போத்தல் அவ்வளவு பெரிசு.
இரவு இரண்டு மணிக்கு மூடி திருகும் சத்தம்,
பிறகு, "நங்கி, தே பொமுத?"
எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.
அந்த வார்டில் அதுவே போதுமாயிருந்தது.

பளீலா தாத்தாவுக்கு உள்ளே ஒரு அறை கூட.
தொழுகைத் துணியைத் தனியாக வைப்பாள்.
உள்துணிக்குப் போன தேர்தலின் பதாகை;
வேட்பாளரின் முகம் உட்பக்கம் வரும்படி மடித்தேன்.
இனி அவர்
உருளைக்கிழங்கைப் பார்த்துக் கும்பிடட்டும்.

வாளி தந்து ஏச்சு வாங்கிய
அற்றென்டன் ஜெசிந்தாவுக்குப் பூத்துணி.
அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்த
அக்கா தங்கச்சி இருவருக்கும் ஒரே திரைச்சீலை.
சண்டை வரக் கூடாது,
பூ எண்ணி வெட்டினேன்.

பாரம் காதில்தான் இழுக்கும்.
பதினெட்டுக் கிலோ கொழுந்தைத்
தலையில் தொங்கவிட்டவளுக்கு அது தெரியாதா?
காது சேரும் இடத்தில் ஒரு பெட்டி அடித்து
அதற்குள் பெருக்கல் குறி போட்டு
திரும்பவும் அதன்மேலேயே ஓட்டுகிறேன்.

ஆறாவது
பதினாலாம் கட்டில்காரிக்கு.

பெயர் கேட்கவில்லை.
வந்த முதல் இரவு
பாணைப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.
பிள்ளையைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தவள்.
ஐந்தாம் நாள் விடிய
அந்தக் கட்டிலில் புதுவிரிப்பு.
வாசலில் அவள் நின்றாள்,
இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல்.
சேலையைப் பிடித்தாள். விட்டாள்.
பிறகு புருஷனுக்குப் பின்னால் இறங்கிப் போனாள்.

அவளுக்கு எந்த அளவில் வெட்டுவது?

மகனின் பழைய சட்டை கிடந்தது, மஞ்சள்.
கத்தரியை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.
அதைச் சொல்ல எனக்கு வாயில்லை.
கடைசியில் காற்றில் மடங்கிய என் குடையைப் பிரித்தேன்.
கறுப்பு ஆகாது என்றார் இவர்.
நனையாது என்றேன்.

கிளினிக் நாளில் ஐந்து பையும் கைமாறிவிட்டன.
சோமலதா வரவில்லை,
அவள் மகள் வந்து வாங்கிப் போனாள்.
பளீலா தாத்தா பையை வெறுமையாகக் கொண்டுபோக மாட்டேனென்று
அங்கேயே தன் ஒரேஞ்சு மூன்றைப் போட்டுக்கொண்டாள்.
பதினாலாம் கட்டிலை நர்ஸிடம் விசாரித்தேன்.
பெயர் சொல்ல ஏலாதாம்.
புத்தகத்தைப் புரட்டியவள் குரலைத் தாழ்த்தி,
"நானுஓயாப் பக்கம் போல" என்றாள்.

திரும்பும்போது அடைமழை.
மகனின் கிளினிக் கொப்பியைக்
குடைத்துணிப் பைக்குள் போட்டேன்.
வேறு வழியில்லை.
நனையவில்லை.
அவளுடையதை நான் முதலில் பாவித்துவிட்டேனே என்று
ஒரு மாதிரி இருந்தது.

இப்போது மாதம் ஒருமுறை
பஸ் நானுஓயாவில் நிற்கும்போது
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்.
முகம் சரியாக ஞாபகம் இல்லை.
ஏறுகிறவர்களின் கைகளைத்தான் பார்க்கிறேன்.
மரக்கறிக் கட்டு, குடை, பிள்ளையின் புத்தகப் பை,
மண்ணெண்ணெய்க் கேன்.

எல்லாருடைய கையிலும்
ஏதோ ஒன்று இருக்கிறது.